எல்லம்மா அத்தை அவிழ்த்த படகு

செய்தி பிற்பகலில் வந்தது. விடுதியில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மறுநாள் பரீட்சைக்கான பாடத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். நைனா கூப்பிட்டார். என் அப்பா பகலில் போன் செய்கிற ஆள் இல்லை. எடுத்த எடுப்பில், "பவானி, எல்லம்மா பூட்டா" என்றார். காற்று திரும்பிவிட்டது, வலை கிழிந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். "இன்னா நைனா சொல்ற? நேத்துகூட என்னாண்ட பேசிச்சே!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, நெஞ்சு வலிக்கிறது என்று கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்திருக்கிறார். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடியிருக்கும் உங்கள் முன்னால் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அத்தையை உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் பழவேற்காட்டிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் வந்திருப்பவர்களுக்காகவும், என் கல்லூரித் தோழிகளுக்காகவும் சில விஷயங்களை விளக்கித்தான் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அத்தையின் அடக்கத்தின்போது நான் ஊரில் இல்லை. செய்தி கேட்ட அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தவள், மறுநாள் காலையில் உடலைத் தூக்குவதற்கு முன்பே படகேறிப் போய்விட்டேன். தூக்கி வளர்த்தவளை மண்ணில் வைக்கும்வரை இருக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன படிப்பு என்று ஊரில் பேச்சு நடக்கிறது. என் காதிலேயே விழுந்தது. அதற்கும் சேர்த்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான் தடுப்பு. ரத்த உறவு எதுவும் கிடையாது. ஊர் முறைக்கு அவர் அத்தை, அவர் கணவர் அஞ்சப்பன் எனக்கு மாமா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தை ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திரக் கரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். சாதாரணக் கோபத்துக்குத் தமிழில் திட்டுவார். தலைக்கேறிவிட்டால் தெலுங்கு வந்துவிடும். எந்த மொழி கேட்கிறது என்பதை வைத்தே அங்கே என்ன உடைந்திருக்கும் என்று அம்மா இங்கிருந்தபடி சொல்லிவிடுவார்.

ஒரு முறை எங்கள் கோழி தட்டிக்கு அடியில் புகுந்து போய், அத்தை காயப்போட்டிருந்த கருவாட்டைக் கிளறிவிட்டது. அதோடு அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பொங்கல் சமயத்தில் தொடங்கிய சண்டை, ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வரைக்கும் நீடித்தது. ஆனால் குழம்புக் கிண்ணம் மட்டும் நிற்கவில்லை. "இந்தா, உங்கம்மாகிட்ட குடு. நான் குடுத்தேன்னு சொல்லாத" என்று அத்தை என் கையில் கொடுப்பார். அம்மா விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "யாரு வச்சதோ தெரியல, புளி தூக்கலா கீதுன்னு போய்ச் சொல்லு" என்பார். நடுவில் ஓடி ஓடி என் கால்தான் தேய்ந்தது. படிக்கிற பிள்ளையை இப்படி அலைக்கழிக்கிறோமே என்று இரண்டு பேரும் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அத்தைக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது லீவு. கோடை விடுமுறையும் மீன்பிடித் தடைக்காலமும் எங்கள் பக்கம் ஏறக்குறைய ஒன்றாக வரும். பள்ளிக்கூடம் மூடியிருக்கும், காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போன ஆண்களும் ஊர் திரும்பியிருப்பார்கள். எந்த நிழலைப் பார்த்தாலும் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள், எந்த மரத்தைப் பார்த்தாலும் நாலு பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருக்கும். "ஆம்பளைங்களுக்கு லீவு, பசங்களுக்கு லீவு. எனக்கு எவன் லீவு வுடப் போறான்? ஒரே பேஜாரா கீது" என்று அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துப் பொதுவாகச் சொல்வார். பிறகு கண்ணில் பட்ட பிள்ளைகளையெல்லாம் பிடித்துவந்து எறா உரிக்க உட்காரவைப்பார். உரித்தபடியே ஆளுக்கொரு பாடம் ஒப்பிக்க வேண்டும். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனால் நாங்கள் தடுமாறினால் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

காணும் பொங்கலன்று சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பழவேற்காட்டுக்கு வருவார்கள். போலீஸ் கெடுபிடி இல்லாத வருஷங்களில் சிலர் படகு பிடித்து எங்கள் குப்பத்துக்கும் வந்துவிடுவார்கள். அத்தை அடுப்பு மூட்டி எறா வறுத்து விற்பார். தட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை எங்களுக்கு. கேமரா மாட்டியிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஸ்கூலுக்கெல்லாம் போறியாம்மா?" என்று ரொம்ப அன்பாகக் கேட்டார். அத்தை கரண்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இன்னா சார் அப்படிக் கேட்டுட்ட? இவ பதினொண்ணாவது, பயாலஜி. தோ, அவன் கம்ப்யூட்டரு. அதோ மூக்கு ஒழுகிகினு நிக்குது பாரு, அது நாலாவது. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் நிக்காம ஒப்பிக்கும். நீ ஒப்பி, பாக்கலாம்?"

மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டோடு நின்றுகொண்டார், இன்னொரு தட்டு எறா வாங்கிக்கொண்டார். அன்றைக்கு முழுக்க எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை.

இப்போது எங்கள் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் குப்பம் ஏரிக்குள் இருக்கும் ஒரு திட்டு. பள்ளிக்கூடம், கடைத்தெரு, பஸ், எல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம், பழவேற்காட்டில். ஊரில் ஒரு சாவு விழுந்தால் படகுத்துறையில் ஒரு கழியை நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுவார்கள். அடக்கம் முடியும்வரை ஒரு படகும் அவிழ்க்கக் கூடாது. துக்கத்துக்கு வருகிறவர்களைக் கூட்டிவர மட்டும், ஊர் கூடிப் பேசியபின், வெயில் ஏறினதும் ஒரு படகு போகும். அக்கரைப் படகுக்காரர்களும் துணியைப் பார்த்துவிட்டால் சவாரிக்கு வரமாட்டார்கள். செத்தவருக்கு ஊர் செய்கிற மரியாதை அது. நல்ல வழக்கம் என்றுதான் நான் இன்றும் சொல்வேன். ஒரு வீட்டில் பிணம் கிடக்கும்போது அடுத்த வீட்டுக்காரன் வலை வீசப் போகக் கூடாது.

ஆனால் படகு இல்லையென்றால் பள்ளிக்கூடமும் இல்லை. ஆகவே எங்களுக்குச் சாவு என்றால் லீவு. ஏழாவது படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. அத்தையின் மாமனார் மன்னார் தாத்தா இருமிக்கொண்டே படுத்துக் கிடந்தார். நாங்கள் தட்டி ஓரமாகக் கூடி நின்று, "தாத்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள பூடுவாரா?" என்று கவலையோடு பேசிக்கொண்டிருந்தோம். அத்தை துடைப்பத்தோடு வந்துவிட்டார். "அடப்பாவிங்களா! வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று இரண்டு போடு போட்டார். அதற்குள் உள்ளேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது.

"எல்லம்மா, பசங்கள அடிக்காத. எந்தக் கெழம பரிச்சைன்னு சரியா கேட்டு வையி. நான் ஆண்டவன்கிட்ட சொல்லிப் பாக்குறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்து, சிரிப்பில் இருமல் வந்து, அத்தை துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் நெஞ்சை நீவிவிட ஓடினார். தாத்தா அந்தத் திங்கட்கிழமை சாகவில்லை. நான் பரீட்சை எழுதி ஃபெயிலானேன்.

தாத்தா இறந்தது, நாங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த மார்ச் மாதத்தில். கெமிஸ்ட்ரி பரீட்சை அன்று விடியற்காலையில் உயிர் போனது. விடிந்து பார்த்தால் துறையில் வெள்ளைத் துணி. நாங்கள் ஐந்தாறு பேர் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு, கட்டிக்கிடந்த படகுகளுக்கு முன்னால் நின்றோம். ஊர்த் தலைவர் கோதண்டம் பெரியப்பா அங்கே இருந்தார். இப்போதும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகவே சொன்னார்.

"மன்னாரு இன்னொரு வாட்டி சாவப் போறதில்ல. பரிச்சை இன்னொரு வாட்டி வரும். அப்ப எழுதிக்கலாம். வூட்டுக்குப் போங்க கண்ணுங்களா."

என் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கட்டுப்பாட்டை மீறத் துணிகிற ஆள் இல்லை. ஊரில் யாருமே இல்லை. மறுதேர்வு எழுதலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு முந்தைய வருஷம் இப்படி ஒரு பரீட்சை தவறிப்போன பெண்ணுக்குத் தை மாதத்தில் கல்யாணமே ஆகிவிட்டது. என் முறை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அத்தை வந்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்திருந்தார். தலைமுடி அவிழ்ந்து முதுகெல்லாம் பரவிக் கிடந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மணி இன்னா?" என்று மட்டும் கேட்டார். யாரோ எட்டாகப் போகிறது என்றார்கள். நேராகத் தாத்தாவின் படகுக்குப் போய் முளையிலிருந்த கயிற்றைப் பிடித்தார்.

"எல்லம்மா! பொணத்த வுட்டுட்டு எங்க போற?" என்று பெரியப்பா கத்தினார்.

"எங்க மாமா எழுந்து எங்கியும் பூட மாட்டாரு. பரிச்சை பூடும்."

"கயித்துல கை வைக்காத. ஊர் கட்டுப்பாடு."

"யாருக்கு மரியாத குடுக்க இந்தக் கட்டுப்பாடு? எங்க மாமாவுக்குதான? அவரு எங்க வூட்டு ஆளு. படகு அவரு படகு. அவரு மருமவ நான் அவுக்குறேன். நாளைக்கு ஊரக் கூட்டுண்ணே, வந்து நிக்கிறேன். இப்ப வழி வுடு."

தீட்டோடு, தலைவிரி கோலத்தில் ஒரு பெண் தொழில் படகில் காலை வைக்கிறாளே, இனி இதில் மீன் படுமா என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. "பட்டா படுது, படாங்காட்டி போவுது. ஏறுங்கடா ஜல்தி!" என்றார் அத்தை. நாங்கள் ஏறினோம்.

எஞ்சினைக் கிளப்ப அவருக்குத் தெரியாது. கழியை எடுத்துத் தண்ணீரில் ஊன்றித் தள்ளினார். மார்ச் மாதத்தில் ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருக்கும். பாதி வழியில் படகு மணலில் தட்டி நின்றது. பையன்கள் குதித்தார்கள், பிறகு பெண்களும் குதித்தோம். ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு நனைந்து தள்ளினோம். ஆழம் வந்து படகு தானாக நகர ஆரம்பித்தவுடன் அத்தை ஒரு காரியம் செய்தார். வீட்டில் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார். என் அரசே, என்னை மகள் போல வைத்திருந்தவரே என்று மாமனாரைக் கூப்பிட்டு அழுகிறார், கழியை ஊன்றுகிறார். நடுவில், "டேய், இந்தப் பக்கம் சாயாத" என்கிறார், மறுபடி அழுகிறார். எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தோம்.

அக்கரையில் நூர்ஜஹான் அக்கா வீடு துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அத்தை எறா கொண்டுபோய்க் கொடுக்கும் வாடிக்கை வீடு அது. ரம்ஜான் மாதத்தில் அங்கிருந்து எங்களுக்குத் தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். அத்தையின் தலைமுடியைப் பார்த்ததுமே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துஆ சொன்னார். பிறகு எங்களுக்குத் துண்டுகளை எடுத்துப் போட்டார். கையில் ஆளுக்கொரு டம்ளர் டீயைத் திணித்துத் துரத்திவிட்டார். அத்தை திரும்பும்போது கழி பிடிக்கத் தன் தம்பியை அனுப்பினார், தானும் படகில் ஏறிக்கொண்டார். நாங்கள் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் ஓடினோம். நான் உட்கார்ந்த பெஞ்சு முழுக்க ஈரம். வினாத்தாளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த கேள்விகள்.

அத்தை சொன்னபடியே ஊர்க்கூட்டத்தில் வந்து நின்றார். சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "எங்க மாமா கால்ல வுழுந்து அன்னிக்கே கேட்டுட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. நீங்க இன்னா சொல்றது?" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்துவிட, விஷயம் இன்னும் கெட்டுப்போனது. அந்தச் சுற்றில் அஞ்சப்பன் மாமா வீட்டுக்குப் பாடு கிடையாது என்று தீர்ப்பாயிற்று. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ஏரியில் எறா நன்றாகப் படுகிற இடங்களை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. காத்திருந்து வருகிற முறை தவறினால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். மாமா எழுந்து, "சரி, ஏத்துக்குறோம்" என்று மட்டும் சொன்னார். கூட்டம் கலைந்து நடக்கும்போது என் பக்கத்தில் வந்து, "பரிச்சை முழுசா எழுதினியா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அத்தையைத் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சுற்றில் பார்த்து ஏரி எறாவை அள்ளிக் கொடுத்தது. மற்ற வீட்டுக் கூடைகள் நிறைந்து போகப் போக, தட்டிக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பறந்தது. மாமாவுக்குத் திட்டு, எங்கள் கோழிக்குத் திட்டு. என்னைப் பார்த்தால், "உங்களாலதான்டி! கெமிஸ்ட்ரியாம் கெமிஸ்ட்ரி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரிசல்ட் வந்த அன்று என் மார்க்கைத் தெரிந்துகொண்டு, பழவேற்காட்டுக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்ததும் அவர்தான். எனக்காகப் பெருமைப்பட நான் வேறு ஆள் தேடியதே இல்லை. அத்தையின் வாயே போதும்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். படிக்க முடியாமல் போன ஏக்கம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "போடி. எனக்குப் படிப்பு ஏறல, அஞ்சாவதுல நானே நின்னுட்டேன். ஒருத்தரும் நிறுத்தல. நிக்கிறதுன்னா அவங்கவங்களா நிக்கணும். படகு இல்லன்னு நிக்கக் கூடாது" என்றார். எனக்குத் தெரிந்து படிப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

தாத்தா போனதற்கு அடுத்த வருஷம், நான் விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது, கோதண்டம் பெரியப்பாவின் அம்மா காலமானார். அன்றைக்குப் பத்தாவது பொதுத்தேர்வு. எழுதப் போகிறவர்களில் பெரியப்பாவின் பேத்தியும் ஒருத்தி. காலையில் துறையில் கூட்டம் கூடிவிட்டது, அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்க்க. பெரியப்பா சாவு வீட்டிலிருந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைகள் போகிற படகின் கயிற்றைக் குனிந்து அவிழ்த்தார். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சு வர மறுத்தது. "இன்னாண்ணே, கத்தி கொண்டாரட்டா?" என்று அத்தை கேட்டார். துக்கத்துக்கு நடுவில் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். பறிபோன பாடு முறையைத் திருப்பித் தருகிறோம் என்று அதன்பிறகு ஊர் சொன்னது. "குடுங்க. ஆனா எறா படுற எடமா பாத்துக் குடுங்க" என்று அத்தை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து இதுவே எங்கள் ஊர் முறை. சாவு விழுந்தால் மற்ற படகுகள் நிற்கும். பள்ளிக்கூடப் படகு மட்டும் போகும். அதைச் சாவு வீட்டுக்காரர் கையால் அவிழ்க்க வேண்டும். இப்போது எங்கள் பிள்ளைகள் அதை ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏரியைச் சுற்றி எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, ஆனால் துக்கத்துக்கு நடுவில் எழுந்துவந்து பிள்ளைகளை அனுப்பிவைக்கிற ஊர் எங்களுடையது. மார்தட்டித்தான் சொல்கிறேன்.

அத்தை போன மறுநாள் காலைக்கு வருகிறேன். உறவுக்காரர்கள் ஆந்திரக் கரையிலிருந்து வர வேண்டியிருந்ததால் அடக்கத்தை மதியத்துக்கு வைத்திருந்தார்கள். எனக்கும் அன்று மதியம்தான் சென்னையில் பரீட்சை. போவதில்லை என்று பொன்னேரியில் ரயிலைவிட்டு இறங்கும்போதே முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவுமில்லை. அத்தையின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூட நேரம் நெருங்கியதும் அஞ்சப்பன் மாமா சுவரைப் பிடித்து எழுந்தார். அந்த வீட்டில் இனி அவர் ஒருவர்தான். துறைக்கு அவர் நடந்து போக, நாங்கள் நாலைந்து பேர் பின்னால் போனோம். பிள்ளைகள் யூனிஃபார்மில் சத்தம் போடாமல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மாமா குனிந்து கயிற்றை அவிழ்த்தார். அதைக் கையில் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்கு இன்னிக்குப் பரிச்சைன்னு அவ சொல்லிகினு இருந்தாளே?"

"நான் போவல மாமா. அத்தைய அனுப்பிட்டுதான் போவேன்."

"அவள நாங்க பாத்துக்குறோம். நீ ஏறு."

என் அம்மா பதறிப்போனார். "இன்னாண்ணே சொல்ற? எடுக்குற வரைக்கும் இல்லாம இவ போனா ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு ஒரு வாட்டி சொல்லிச்சி. என் பாடு போச்சு. அப்புறம் இன்னா ஆச்சு?" என்றார் மாமா. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் அசையவில்லை. "ஏறும்மா. லேட் ஆவுது."

நான் ஏறினேன். படகு நகர்ந்து கொஞ்ச தூரம் வந்ததும் ஊரில் மேளம் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பயந்து திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டது. சென்னைக்குப் போனேன், பரீட்சை எழுதினேன். எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அத்தையை மண்ணில் வைத்திருக்கிறார்கள். இதுதான் நடந்தது. இதற்கு மேல் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளலாம்.

அத்தையிடமிருந்து எனக்கென்று நகையோ பாத்திரமோ வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒப்பாரிக்கு நடுவிலும் மணி என்ன என்று கேட்க முடியும் என்பதை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். என் நைனா, அம்மா இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள்; இருவரும் நூறு வயது இருக்கட்டும். ஆனாலும் ஒரு நாள் எங்கள் வீட்டிலும் அது நடக்கும். அன்றைக்கு என் தலைமுடி எப்படிக் கிடந்தாலும் சரி, எழுந்து துறைக்கு வருவேன். பிள்ளைகளே, நீங்கள் புத்தகப் பையோடு வந்து காத்திருங்கள். உங்கள் படகை நான் அவிழ்ப்பேன்.